‘ஆவன செய்யுமா?’ என்று கேட்டால் என்ன நடக்கும்

நீங்கள் கேட்டது இதுதான்: “ரேஷன், முதியோர் பென்ஷன், ஆரம்ப சுகாதார நிலையம் என்று எம்.எல்.ஏ.க்களும் எம்.பி.க்களும் வருஷக்கணக்காகக் கேள்வி கேட்கிறார்கள். அமைச்சர் எழுந்து ஒரு தாளை வாசித்துவிட்டு உட்கார்கிறார். இதனால் யாருக்காவது ஒரு ரூபாய் கிடைத்திருக்கிறதா, இல்லை எல்லாம் நாடகமா?”

பாதி நாடகம்தான், ஒப்புக்கொள்கிறேன். மீதிப் பாதி டிவியில் வராது. அமைச்சர் வாசிக்கும் அந்தத் தாளைத் தயாரிக்கிற பிரிவில், தலைமைச் செயலகத்தில், பல வருஷம் உட்கார்ந்திருந்தவன் நான். எந்தத் துறை என்பது இங்கே வேண்டாம். அங்கிருந்து பார்த்தவனுக்கு, பதில் சொல்லப்படும் நாளைவிட அதற்கு முந்தைய இரண்டு வாரம்தான் பெரிதாகத் தெரியும்.

சட்டமன்றக் கேள்வி வந்துவிட்டால் பிரிவில் மற்ற கோப்பெல்லாம் ஓரம் கட்டப்படும். மேலே சிவப்பு மையில் ‘சட்டமன்ற வினா, மிக மிக அவசரம்’ என்று எழுதியிருக்கும். எங்கள் கையில் புள்ளிவிவரம் ஏது? துறைத் தலைவர் அலுவலகத்துக்கு எழுதுவோம். அவர்கள் மாவட்டத்துக்கு, மாவட்டம் வட்டத்துக்கு. கடைசியில் ஏதோ ஒரு தாலுகா ஆபீசில் ஓர் இளநிலை உதவியாளர் பதிவேட்டைத் திறந்து, வரி வரியாக விரல் வைத்து எண்ணியாக வேண்டும். எண்ணியது அதே படிகளில் மேலே ஏறும். ஒவ்வொரு படியிலும் ஒருவர் கையெழுத்து. தப்பான தகவலை அமைச்சர் அவையில் வாசித்துவிட்டால் உரிமை மீறல் பிரச்சினை வரை போகலாம் என்பதால், கையெழுத்துப் போடுகிறவர் கொஞ்சம் யோசித்துத்தான் போடுவார். அப்புறம் வரைவுப் பதில். கூடவே துணைக் கேள்விகளுக்கான குறிப்பு: உறுப்பினர் அடுத்து என்ன கேட்பார் என்று நாங்களே ஊகித்து, விடையும் எழுதி வைப்போம். அரைப் பக்கப் பதிலுக்குப் பின்னால் இருபது முப்பது பக்கம் குறிப்பு இருக்கும். எந்த உறுப்பினருக்கும் தோன்றாத சங்கடமான கேள்விகளை அந்தக் குறிப்பில் நானே எழுதியிருக்கிறேன். கேட்க ஆளில்லாமல் அவை கோப்போடு பதிவறைக்குப் போயின.

உங்கள் ‘ஒரு ரூபாய்’க்கு இங்கேதான் விடை. ஒருமுறை விடுதி மாணவர்களின் உணவுச் செலவுக்கு ஒதுக்கிய தொகையில் எவ்வளவு விடுவிக்கப்பட்டது, எவ்வளவு செலவானது என்று மாவட்டவாரியாக ஒரு கேள்வி வந்தது. ஒரு மாவட்டத்தில் பணம் மாதக்கணக்கில் கணக்கிலேயே கிடந்தது. ‘செலவிடப்படவில்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட அந்த அதிகாரிக்கு மனம் வரவில்லை. பதில் எங்களுக்கு வந்து சேர்வதற்குள் பணம் விடுதிகளுக்குப் போய்விட்டது. அவையில் அந்தக் கேள்வியின் முறையே வரவில்லை, நேரம் முடிந்துவிட்டது. கேட்ட உறுப்பினருக்கு இது நடந்ததே தெரிந்திருக்காது.

விதிமுறைகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். மக்களவையில் ஒரு நாளைக்கு நட்சத்திரக் குறியிட்ட கேள்விகள் 20, குறியிடாதவை 230. மாநிலங்களவையில் 15, 160. நட்சத்திரம் இருந்தால் அமைச்சர் எழுந்து வாயால் பதில் சொல்ல வேண்டும், துணைக் கேள்வி கேட்கலாம். இல்லாவிட்டால் எழுத்தில் மட்டும். குறைந்தது 15 நாள் முன்னறிவிப்பு, யாருடையது முதலில் என்பதற்குக் குலுக்கல். மக்களவையில் கேள்வி நேரம் காலை 11 மணிக்கு, மாநிலங்களவையில் 2014 நவம்பரிலிருந்து பகல் 12 மணிக்கு. கேள்வி 150 சொல்லைத் தாண்டக்கூடாது, வாதமோ கிண்டலோ இருக்கக்கூடாது, நீதிமன்றத்தில் இருப்பதைத் தொடக்கூடாது. மாநிலச் சட்டமன்றங்களிலும் ஏறக்குறைய இதே சட்டகம்தான், எண்ணிக்கைதான் மாறும்.

இந்த உரிமை நமக்கு வந்த கதை சின்னது, ஆனால் எனக்குப் பிடித்தது. ஆங்கிலேயர் ஆட்சியில் வந்த 1892-ஆம் ஆண்டு இந்தியக் கவுன்சில்கள் சட்டம்தான் முதன்முதலில் சட்டசபை உறுப்பினர்களைக் கேள்வி கேட்க விட்டது. 1893 பிப்ரவரி 16 அன்று முதல் கேள்வியைக் கேட்டவர் பிங்கா ராஜா. எதைப் பற்றி? சுற்றுப்பயணம் வரும் அரசு அதிகாரிகளின் முகாமுக்குச் சாமான் கொடுக்கிற முறையால் கிராமத்துக் கடைக்காரர்கள் படும் கஷ்டம் பற்றி. கேட்டவர் ஒரு ராஜா, கேள்வி மளிகைக் கடைக்காரருக்காக. துணைக் கேள்வி கேட்கும் உரிமை 1909-இல்தான் வந்தது, அதுவும் முதல் கேள்வியைக் கேட்டவருக்கு மட்டும்.

சரி, ஏன் பெரும்பாலான கேள்விகள் வீணாகின்றன? கேட்கும் விதத்தால். நம் சட்டமன்றக் கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே வார்ப்பு: “இன்ன தொகுதி, இன்ன ஊராட்சியில் துணை சுகாதார நிலையம் அமைக்க அரசு ஆவன செய்யுமா?” இதற்குப் பதில் எழுத எனக்கு ஐந்து நிமிடம் போதும். ‘அத்தகைய கருத்துரு ஏதும் தற்போது அரசின் பரிசீலனையில் இல்லை.’ கருத்துரு இருந்தால், ‘நிதிநிலைக்கு ஏற்ப, முன்னுரிமை அடிப்படையில் ஆவன செய்யப்படும்.’ முடிந்தது. எந்தத் தாலுகாவிலும் எந்தப் பதிவேடும் திறக்கப்படாது. உறுப்பினருக்கும் இது தெரியும். ஊருக்குப் போய் ‘சட்டமன்றத்தில் கேட்டேன்’ என்று சொல்லிக்கொள்ள அது போதும் என்பதால் கேட்கிறார். தப்பு சொல்ல மாட்டேன், அவருக்கும் அடுத்த தேர்தல் இருக்கிறது.

பதில் எழுதுகிறவனின் முதல் பாடம், பொய் எழுதாதே. இரண்டாவது பாடம், கேட்டதற்கு மேல் எழுதாதே. இந்த இரண்டையும் ஒழுங்காகக் கடைப்பிடித்தாலே முழு உண்மையான, ஒன்றுக்கும் உதவாத பதில் தானாகக் கிடைத்துவிடும். ஐந்து உட்பிரிவு கொண்ட கேள்வி வந்தால் ‘(அ) முதல் (உ) வரை’ என்று மொத்தமாகக் கட்டி, திட்டத்தின் வரலாற்றை நாலு பத்தி எழுதி, ஒரு இணைப்பைத் தைத்துவிடலாம். (ஈ)-க்கு விடையே வரவில்லை என்பதை நிதானமாகப் படிக்கிறவர்தான் கண்டுபிடிப்பார்.

ஒன்றிய அளவில் இதற்கு மறக்க முடியாத உதாரணம் 2021 ஜூலை 20. இரண்டாம் அலையில் ஆக்சிஜன் இல்லாமல் எத்தனை பேர் இறந்தார்கள் என்று மாநிலங்களவையில் கேள்வி. சுகாதாரம் மாநிலத்தின் பொருள், இறப்பு விவரத்தை மாநிலங்கள்தான் அனுப்புகின்றன, ஆக்சிஜன் பற்றாக்குறையால் இறந்ததாகக் குறிப்பிட்டு மாநிலங்கள் எதுவும் தெரிவிக்கவில்லை என்று சுகாதார அமைச்சகம் பதில் தந்தது. நாடே கொதித்தது. எழுத்தராக அந்தப் பதிலைப் படித்தபோது, வரி வரியாக அதில் ஓட்டை இல்லை என்பதுதான் என்னை உறுத்தியது. மாநிலங்கள் நிரப்பி அனுப்பும் படிவத்தில் அந்தக் காரணத்தை எழுத ஒரு கட்டம் இருக்கிறதா, அதை வடிவமைத்தது யார் என்று கேட்டிருந்தால் பதில் வேறு திசையில் போயிருக்கும்.

அதற்கு முந்தைய வருடம் இன்னும் தெளிவான பாடம் கிடைத்தது. 2020 செப்டம்பர் கூட்டத்தொடரில் கொரோனாவைக் காரணம் காட்டிக் கேள்வி நேரத்தையே எடுத்துவிட்டார்கள். எழுத்துப் பதில் மட்டும் மிஞ்சியது. ஊரடங்கில் ஊர் திரும்பும்போது எத்தனை புலம்பெயர் தொழிலாளர்கள் இறந்தார்கள் என்று மக்களவையில் கேட்டதற்கு, அப்படிப்பட்ட தரவு பராமரிக்கப்படவில்லை, ஆகவே இழப்பீடு என்ற கேள்வியும் எழவில்லை என்றது தொழிலாளர் அமைச்சகம். அதே வாரம் மாநிலங்களவையில் ரயில்வேயிடம், அந்தத் தொழிலாளர்களை ஊருக்கு ஏற்றிச் சென்ற ஷ்ராமிக் சிறப்பு ரயில்களில் இறந்தவர்கள் பற்றிக் கேட்கப்பட்டது. மாநிலக் காவல்துறைகள் தந்த விவரப்படி செப்டம்பர் 9 வரை 97 பேர் என்று பதில் வந்தது. ரயிலில் ஒருவர் இறந்தால் போலீஸ் வழக்குப் பதிய வேண்டும், உடல் பிரேதப் பரிசோதனைக்குப் போகும், அதற்கெல்லாம் தாள் இருக்கும். சாலையில் நடந்து செத்தவருக்கு அப்படி ஒரே இடத்தில் சேரும் பதிவேடு இல்லை. எந்த ஆபீசில் எந்த நோட்டு இருக்கிறது என்று தெரிந்து கேட்டால் எண் வரும். மொத்தமாகக் கேட்டால் ‘தரவு இல்லை’ வரும்.

தேதி விஷயத்திலும் இப்படித்தான். நூறு நாள் வேலைக்கான 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 15 நாளுக்குள் கூலி தர வேண்டும், தவறினால் நாளொன்றுக்கு 0.05 சதவீதம் இழப்பீடு என்று இருந்தது. ‘கூலி உரிய காலத்தில் வழங்கப்படுகிறதா?’ என்று கேட்டால் பெருமையான சதவீதம் பதிலாக வரும். எப்படி? நிதிப் பரிமாற்ற ஆணை, அதாவது கூலியை அனுப்பச் சொல்லும் உத்தரவு, உருவாகும் நாளோடு தாமதக் கணக்கை நிறுத்திவிட்டார்கள். அந்த ஆணைக்குப் பிறகு பணம் தொழிலாளியின் வங்கிக் கணக்கில் விழும்வரை ஆன நாட்கள் கணக்கிலேயே சேரவில்லை. கிராமத்தில் பாஸ்புக்கோடு நிற்கிறவருக்கு ஆணை உருவான தேதியால் என்ன பிரயோஜனம்? 2018 மே மாதத் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் இந்தக் கணக்கை ஏற்க மறுத்தது. வேலை முடிந்த தேதி, ஆணை தேதி, கணக்கில் ஏறிய தேதி, மூன்றையும் தனித்தனியாகத் தரவும் என்று கேட்கிற ஓர் உறுப்பினர் பிரிவையே ஒரு வாரம் தூங்கவிடாமல் செய்துவிடுவார்.

என் சொந்த அனுபவத்துக்கு வருகிறேன். முதியோர் உதவித்தொகை கேட்டு நிலுவையில் உள்ள மனுக்கள் எத்தனை, வட்டவாரியாகத் தரவும் என்று ஒரு நட்சத்திரக் கேள்வி. ஒரு வட்டத்தில் முந்தைய மாத அறிக்கையில் மூன்று இலக்கத்தில் நிலுவை இருந்தது. புதிதாக வந்த தாளில் ‘இல்லை’. சந்தேகப்பட்டு, சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியர் அலுவலகத்துக்கு நானே போன் போட்டேன்.

“சார், எல்லாம் பைசல் பண்ணியாச்சு சார்.”

“ஒரே வாரத்திலயா? எத்தனை பேருக்கு ஆணை போட்டீங்க?”

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. “தள்ளுபடி சார். ஆவணம் சரியில்லாததெல்லாம் தள்ளுபடி.”

கேட்டது நிலுவை எவ்வளவு என்றுதான். நிலுவை பூஜ்யம். அமைச்சர் அதையே வாசித்தார், மேசைகள் தட்டப்பட்டன. நல்ல நோக்கத்தில் கேட்கப்பட்ட ஒரு கேள்வி, அந்த வட்டத்தில் நூற்றுக்கணக்கான கிழவர் கிழவிகளின் மனுவைக் குப்பைக்கு அனுப்பியது. இன்றைக்கும் அந்த ‘இல்லை’யை என் கையால் தட்டச்சுக்குக் கொடுத்தது ஞாபகம் இருக்கிறது. கேள்வி கேட்டாலே நல்லது என்று யாராவது சொன்னால் நான் தலையாட்டாமல் இருப்பதற்கு அதுதான் காரணம்.

துணைக் கேள்வி வேறு ஜாதி. அதற்கு முன்னறிவிப்பு இல்லை, அமைச்சர் எங்கள் குறிப்பைத் தாண்டி வெளியே நின்றாக வேண்டியிருக்கும். விஷயம் தெரிந்தவர் விடாமல் துரத்தினால் என்ன ஆகும் என்பதற்கு முந்த்ரா விவகாரமே சாட்சி. மக்கள் கட்டிய பிரீமியத்திலிருந்து ஆயுள் காப்பீட்டுக் கழகம் 1.24 கோடி ரூபாயை ஹரிதாஸ் முந்த்ராவின் நிறுவனங்களில் போட்டது. 1957-இல் மக்களவையில் எழுந்த கேள்விக்கு மழுப்பலான பதில் வந்தது. அதே வருடம் டிசம்பரில் ஃபெரோஸ் காந்தி, ஆளுங்கட்சிக்காரர்தான், ஆதாரத்தோடு எழுந்தார். சாக்ளா விசாரணை ஆணையம் வந்தது, 1958 பிப்ரவரியில் நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார். இதே உரிமையைக் காசுக்கு விற்ற கதையும் நம்மிடம் உண்டு: கேள்வி கேட்கப் பணம் வாங்கியதாக 2005 டிசம்பரில் 11 எம்.பி.க்கள் நீக்கப்பட்டார்கள், மக்களவையில் 10, மாநிலங்களவையில் 1.

பத்திரிகைகள் கண்டுகொள்ளாத ஒரு குழு இருக்கிறது: அரசு உறுதிமொழிக் குழு. மக்களவையில் 1953 முதல் இயங்குகிறது, சட்டமன்றங்களிலும் உண்டு. மாவட்டத்தில் ‘உறுதிமொழிக் குழு ஆய்வு’ என்று பெட்டிச் செய்தி பார்த்திருப்பீர்கள். அமைச்சர் ‘பரிசீலனையில் உள்ளது’, ‘விசாரித்துத் தகவல் அவையில் வைக்கப்படும்’ என்று சொல்லிவிட்டால் அது உறுதிமொழியாகப் பதிவாகும். நாடாளுமன்றத்தில் அதை மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும், முடியாவிட்டால் குழுவிடம் அவகாசம் கேட்க வேண்டும். அமைச்சர் மாறலாம், செயலாளர் மாறலாம், குழுவின் பட்டியலில் அந்த வரி அப்படியே நிற்கும். அதனால்தான் அனுபவசாலிகள் வரைவில் ‘பரிசீலனையில் உள்ளது’ என்று பார்த்தால் உடனே அடித்துவிடுவார்கள். என் முதல் வருஷத்தில் என் வரைவில் அப்படி அடித்த பிரிவு அலுவலர் சொன்னார்: “தம்பி, நீ எழுதிட்டுப் போயிடுவ. பதினஞ்சு வருஷம் கழிச்சு எவனோ ஒருத்தன் இதுக்குப் பதில் எழுதிட்டு இருப்பான்.”

கேள்வியால் ஆகாததையும் சொல்லிவிட வேண்டும். பணத்தைக் கூட்டித் தர அதனால் முடியாது. தேசிய சமூக உதவித் திட்டம் 1995-இல் தொடங்கியபோது முதியோருக்கு ஒன்றிய அரசின் பங்கு மாதம் 75 ரூபாய். 2006-இல் 200 ஆனது. 60 முதல் 79 வயது வரை உள்ளவர்களுக்கு அதன் பிறகு அது 200-லேயே நின்றுவிட்டது. 80-ஐத் தாண்டினால் 500. இதை உயர்த்துவீர்களா என்று எத்தனை பேர் கேட்டிருப்பார்கள்! நாடாளுமன்றத்தின் ஊரக வளர்ச்சி நிலைக்குழுவே திரும்பத் திரும்பப் பரிந்துரைத்தது. தமிழ்நாட்டில் இதே உதவித்தொகை 2023-இல் 1,000-லிருந்து 1,200 ஆனது என்றால், அது அமைச்சரவையும் நிதித்துறையும் எடுத்த முடிவு. பணம் வேண்டுமானால் சண்டை மானியக் கோரிக்கையில் (துறைக்கான பணத்துக்கு அவையின் ஒப்புதல் கேட்பது), வெட்டுத் தீர்மானத்தில் (அந்தத் தொகையைக் குறைக்கக் கோருவது), தேர்தலில். நம் சட்டமன்றத்தில் பெரிய நலத்திட்டங்கள் பலவும் விதி 110-இன் கீழ், அவையில் வாசிக்கும் அறிக்கையாக அறிவிக்கப்படுகின்றன. அந்த அறிக்கையின் மேல் விவாதம் கிடையாது. அறிவிப்பன்று கேட்க முடியாததை ஆறு மாதம் கழித்துக் கேள்வியாகத்தான் கேட்க முடியும்: அரசாணை வந்ததா, எவ்வளவு ஒதுக்கீடு, எவ்வளவு விடுவிப்பு, எவ்வளவு செலவு. இந்த நான்கும் நான்கு வேறு எண்கள். ‘ஒதுக்கீடு’ மட்டும் கேட்டால் பெரிய எண்ணாக எடுத்து நீட்டிவிடுவார்கள்.

ஆகவே உங்கள் தொகுதி எம்.எல்.ஏ.வையோ எம்.பி.யையோ பார்க்கப் போனால் மனு மட்டும் கொண்டு போகாதீர்கள். ஒரு கேள்வியையும் எழுதிக்கொண்டு போங்கள். பலரிடம் கேள்வி எழுதித் தர உதவியாளர் கிடையாது. தயாராக ஒன்று கிடைத்தால் சந்தோஷமாக வாங்கிக்கொள்வார்கள். மாநில அரசின் வேலையை எம்.பி.யிடமும் ஒன்றிய அரசின் வேலையை எம்.எல்.ஏ.விடமும் கொடுத்தால் முதல் படியிலேயே தள்ளுபடி ஆகும். நாடாளுமன்றப் பழைய பதில்கள் இணையதளத்தில் முழுசாக இருக்கின்றன. உங்கள் விஷயத்தில் ஏற்கெனவே என்ன சொன்னார்கள் என்று பார்த்து, அந்தப் பதில் நழுவிய இடத்திலிருந்து கேளுங்கள்.

முதியோர் மனு நிலுவை ‘இல்லை’ என்று எழுதிய அந்த வட்டத்தின் கதை அங்கேயே முடியவில்லை. இரண்டு கூட்டத்தொடர் கழித்து வேறொரு உறுப்பினர், யார் எழுதிக் கொடுத்தார்களோ, இப்படிக் கேட்டிருந்தார்: பெறப்பட்ட மனுக்கள், ஏற்கப்பட்டவை, தள்ளுபடியானவை, ஒவ்வொரு தள்ளுபடிக்கும் காரணம். அந்தக் கடைசிச் சொல்லுக்காக வட்டத்திலிருந்து தடித்த பட்டியல் ஒன்று வந்தது. ‘மகன் உள்ளார்’, ‘மகன் உள்ளார்’, ‘வயதுச் சான்று இல்லை’, ‘மகன் உள்ளார்’ என்று ஓடிக்கொண்டே போனது. நடுவில் ஒரு மூதாட்டியின் பெயருக்கு எதிரே ‘விசாரணைக்கு நேரில் வரவில்லை’ என்று இருந்தது. பக்கத்துக் கட்டத்தில், மனு வந்த அன்று எழுதிய குறிப்பு: ‘நடக்க இயலாதவர்.’

துணைக் கேள்விக் குறிப்பில் அதைச் சேர்த்து வைத்தேன். உறுப்பினர் அதைக் கேட்கவில்லை. பட்டியல் மேலே போய்த் திரும்பி வந்தபோது அந்த வரியின் ஓரத்தில் செயலாளர் பென்சிலால் ஒரு கோடு போட்டிருந்தார். தள்ளுபடியான மனுக்கள் முழுவதையும் மறுபரிசீலனை செய்யச் சொல்லி, அடுத்த வாரம் வட்டத்துக்குக் கடிதம் போனது.